ஊறுகாய்க்கும் ஒரு வழக்கு, சேவலுக்கும் ஒரு வழக்கு

போன இதழில் ஊறுகாய் வழக்கைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோர்ட் விவகாரம்தான். சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

ஐயா, பார்சல் சாப்பாட்டில் ஊறுகாய் வைக்கவில்லை என்று கேஸ் போட்டு 35,000 ரூபாய் வாங்கிவிட்டாராமே ஒருவர்? இது கொஞ்சம் ஓவர் இல்லையா? ஆரப்பாளையத்தில் சின்னதாக மெஸ் நடத்துகிறேன், வயிற்றைக் கலக்குகிறது.
— மெஸ் உரிமையாளர், ஆரப்பாளையம்

கலங்காதீர்கள், முழுக் கதையையும் கேளுங்கள். விழுப்புரத்துக்காரர் ஒருவர் 2022இல் உறவினரின் நினைவு நாளுக்காக ஒரு ஓட்டலில் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார், ஒன்று 80 ரூபாய். ஊறுகாயும் உண்டு என்று பேச்சு. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ஒன்றில்கூட இல்லை. பொட்டலம் ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டு, 25 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார், ஓட்டல்காரர் முடியாது என்றுவிட்டார். 2024இல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000, அப்புறம் ஊறுகாய்க்கு 25 ரூபாய் என்று தீர்ப்பு சொன்னது. ஊறுகாய்க்கான அந்த 25 ரூபாயை மறக்காமல் சேர்த்தார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அவர் ஜெயித்தது சரி. தொகைதான் கொஞ்சம் கனம். மறந்துபோவது யாருக்கும் நடக்கும், ஆனால் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதைத்தான் ஆணையம் சேவைக் குறைபாடாகப் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கல்லாவில் சில்லறை இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இதோடு பிஸ்கட் வழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருநாய்களுக்குப் போடுவதற்காகச் சென்னை மணலியில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட் வாங்கினார். உறையில் 16 என்று அச்சடித்திருக்கிறது, உள்ளே 15. நாய் ஒன்றும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை, ஆனால் இவர் எண்ணினார். ஒரு பிஸ்கட் 75 பைசா, கம்பெனி ஒரு நாளைக்கு 50 லட்சம் பாக்கெட் தயாரிக்கிறது, அப்படியானால் தினமும் பல லட்சம் ரூபாய் ஜனங்களிடமிருந்து போகிறது என்பது அவர் வாதம். நாங்கள் எடை போட்டுத்தான் விற்கிறோம், எண்ணி இல்லை என்றது கம்பெனி. சரி என்று எடை போட்டால் 76 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 74 கிராம். 2023இல் திருவள்ளூர் ஆணையம் ஒரு லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஊறுகாயைவிட இதுதான் பலமான வழக்கு என்பேன். ஏமாந்தவர்களில் ஒருவர்தான் கோர்ட்டுக்கு வந்தார், மற்றவர்கள் எல்லோரும் முக்கால் ரூபாய்க்கு யார் அலைவது என்று விட்டுவிட்டார்கள், கம்பெனிக்கு வேண்டியதும் அதுதானே.

அமெரிக்காவில் காபியை மடியில் கொட்டிக்கொண்ட பாட்டிக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தார்களே, அண்ணே! அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? நம்ம ஊர் டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறோம், யாராவது கேஸ் போட்டோமா?
— வாசகர், திருமங்கலம்

எல்லோரும் சிரிக்கிற வழக்கு, பாதிப் பேருக்கு விவரம் தெரியாமலே. 1992இல் நடந்தது, அந்தம்மாவுக்கு வயது 79. நின்றிருந்த காரில் உட்கார்ந்து, சர்க்கரை போடுவதற்காகக் கப்பின் மூடியைத் திறக்கும்போது கொட்டிவிட்டது. மெக்டொனால்ட்ஸ் அந்தக் காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் சில விநாடிகளிலேயே தோலின் முழு ஆழத்துக்கும் வெந்துபோகும். 8 நாள் ஆஸ்பத்திரி, தொடையில் வேறு தோல் எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. அவர் கேட்டது 20,000 டாலர். கம்பெனி கொடுக்க முன்வந்தது 800 டாலர். வழக்கு நடந்தபோதுதான் அதற்கு முன் பத்து வருடத்தில் இதே மாதிரி சூடுபட்டவர்களின் புகார் 700 வந்திருந்தது தெரியவந்தது. அத்தனையும் கையில் இருந்தும் சூட்டைக் குறைக்கவில்லை.

ஜூரி 2,00,000 டாலர் இழப்பீடு என்று சொல்லி, கொட்டியதில் அந்தம்மாவுக்கும் 20 சதவீதம் பங்கு உண்டு என்று கழித்து 1,60,000 ஆக்கியது. அதற்கு மேல் தண்டத் தொகையாக 27 லட்சம் டாலர், அதாவது அந்தக் கம்பெனியின் இரண்டு நாள் காபி வியாபாரம். பத்திரிகையில் பெரிதாக வந்தது இதுதான். நீதிபதி அதை 4,80,000 ஆகக் குறைத்தது அவ்வளவாக யார் காதிலும் விழவில்லை. பிறகு இரு தரப்பும் தனியாகப் பேசி முடித்துக்கொண்டார்கள்.

ஜெயிக்க வேண்டிய வழக்கா என்றால், சந்தேகமே இல்லை. நம்ம டீக்கடையில் மாஸ்டர் ஒரு ஆற்று ஆற்றித்தான் கொடுக்கிறார். எனக்கு ஒரு மனக்குறைதான். தண்டத் தொகை ஏன் வழக்குப் போட்டவர் கைக்கே போக வேண்டும்? கம்பெனிக்குப் புத்தி வரட்டும் என்று வாங்குகிற பணம் பொதுவுக்குப் போகலாம். அந்த பிஸ்கட் ஒரு லட்சத்திலும் எனக்கு இதே நெருடல் உண்டு.

தோற்க வேண்டிய வழக்கும் அதே நாட்டில் உண்டு. வாஷிங்டனில் ஒருவர், அவரே ஒரு தீர்ப்பாய நீதிபதி, தன் கால்சட்டையைத் தொலைத்துவிட்டதாக ஒரு சலவைக் கடை மேல் 5 கோடியே 40 லட்சம் டாலர் கேட்டார். கடையில் 'திருப்தி உத்தரவாதம்' என்று போர்டு மாட்டியிருந்ததுதான் ஆதாரம். கொரியாவிலிருந்து வந்து பிழைத்த குடும்பம், 12,000 டாலர் வரை கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 2007இல் தோற்றார், அதற்குப் பிறகு அந்த நீதிபதிப் பதவியும் தொடரவில்லை. வேண்டும், நன்றாக வேண்டும்.

தியேட்டரில் விளம்பரமாகப் போட்டுக் கொல்கிறார்கள். கேஸ் போட்டால் நிற்குமா?
— கல்லூரி மாணவி, மேலூர்

பெங்களூரில் ஒருவர் போட்டார். 4:05 காட்சி 4:30க்குத்தான் தொடங்கியது, 25 நிமிடம் வீண் என்று. 2025இல் நுகர்வோர் ஆணையம் அவருக்கு 20,000, செலவுக்கு 8,000 கொடுக்கச் சொன்னது. தண்டமாக ஒரு லட்சம் தனி, அது நுகர்வோர் நல நிதிக்கு. மேலே நான் சொன்ன மாதிரியேதான். ஆனால் கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. டிக்கெட்டில் படம் தொடங்கும் நேரத்தைத் தனியாக அச்சடித்தால் கோர்ட்டே வேண்டாம்.

சாமி பெயரில் வழக்குப் போடலாம் என்கிறார் என் மாமனார். கிண்டல் செய்கிறாரா?
— வாசகி, செல்லூர்

உங்கள் மாமனார் விவரமானவர். நம் சட்டத்தில் கோயில் மூர்த்திக்குச் சொத்து உண்டு, வழக்குப் போடும் உரிமையும் உண்டு, மனிதர் யாராவது சார்பில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தஞ்சைப் பக்கம் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடா கம்பெனி ஒன்று விலை கொடுத்து வாங்கியிருந்தது. சிலையை மீட்க லண்டனில் நடந்த வழக்கில் இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலே ஒரு கட்சிக்காரர். கோயில் எப்படி வழக்காடும் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. கடைசியில் 1991இல் அப்பீல் நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது, நடராஜர் ஊர் திரும்பினார்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பங்காளிகள் சொத்தைப் பிடுங்கிக்கொண்ட பிள்ளைக்காகச் சொக்கநாதரே மாமனாக வந்து சபையில் வழக்குரைத்த ஊர் இது. நீதான் மாமனா என்று எதிர்த்தரப்பு கேட்க, அவர் வம்சாவளி முழுவதையும் ஒப்பித்தாராம்.

போட்ட வழக்கு போட்டவருக்கே எதிராகத் திரும்பியது உண்டா?
— மாடுபிடி ரசிகர், அலங்காநல்லூர்

உங்கள் ஊருக்கே தலைவலியானது அப்படித்தான் தொடங்கியது! ராமநாதபுரம் பக்கம் ஒருவர் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்கு வந்தார். 2006இல் நீதிபதி பானுமதி ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தார். 2007இல் டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017 போராட்டம், புதுச் சட்டம், 2023 மே மாதம்தான் முடிவு வந்தது. வண்டி ஓட்ட அனுமதி கேட்டுப் போனதில் தொடங்கிய கதை.

பக்கத்து வீட்டுக் கட்டுச்சேவல் அதிகாலை மூன்று மணிக்கே கூவுகிறது. கேஸ் போட்டால் ஜெயிப்பேனா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வில்லாபுரம்

பிரான்சில் போட்டுத் தோற்றிருக்கிறார்கள் சார். ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் கூவுகிறது என்று கோடை வீட்டுக்கு வந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் கோர்ட், சேவல் கூவலாம் என்று சொல்லி, வழக்குப் போட்டவர்களையே 1,000 யூரோ கொடுக்க வைத்தது. 2021இல் கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் காக்க அங்கே தனிச் சட்டமே வந்துவிட்டது.

வில்லாபுரம் கிராமம் இல்லை, அந்த வாதம் உங்கள் பக்கம். ஆனால் பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் போக, தெருவே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் என்றால் உரிமையியல் நீதிமன்றம், வாய்தா மேல் வாய்தா. ராத்திரி சேவலை இருட்டான கூண்டில் அடைத்தால் கூவுவது தள்ளிப்போகும் என்பார்கள். அந்தக் கூண்டு வாங்குகிற காசை நீங்களே கொடுக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். வக்கீல் பீஸைவிடக் குறைவுதான்.