மகள் கேக் தொழில் என்கிறாள், பி.காம். படிப்பை நிறுத்தலாமா?

இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும் மகள், படிப்பை விட்டுவிட்டு வீட்டிலேயே அடுக்கு கேக் செய்து விற்கப்போவதாகச் சொல்கிறாள், தடுப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பையும் நிறுத்த வேண்டாம், கேக்கையும் நிறுத்த வேண்டாம். இந்த ஆர்டர்கள் பெரும்பாலும் முகூர்த்த நாட்களிலும் சனி, ஞாயிறுகளிலும்தான் வரும். ஆடியில் வரவேற்பு கேக் கேட்பவர்கள் குறைவு. அந்த மாதிரி மாதத்தில் கையில் பட்டமும் இருப்பது நல்லது.

க்ரீமில் ரோஜா அழகாக வருகிறதா என்று பார்க்காதீர்கள். கேக் சாயாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டடுக்கு கேக்கை எடுத்துக்கொள்வோம்: விட்டம் கீழே 8 அங்குலம், மேலே 6 அங்குலம், ஒவ்வொன்றும் 4 அங்குல உயரம். மொத்தம் ஏறக்குறைய மூன்று கிலோ வரும். இதை வீட்டுக்காக ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். கீழடுக்குக்கு வெண்ணெய் சேர்த்த கெட்டியான கேக் வேண்டும். பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் அமுங்கிவிடும். மேலடுக்கு தனக்கென்று ஒரு கேக் போர்டு மீது இருக்க வேண்டும். கீழடுக்கின் மேல் 6 அங்குல வட்டம் குறித்து, அதற்குள் நாலைந்து தாங்கு குச்சிகளை அடிப்போர்டு வரை இறக்கி, கேக் மட்டத்தில் குறியிட்டு, வெளியே எடுத்து எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டிச் செருக வேண்டும். ஒரு குச்சி நீண்டால் மேலடுக்கு சாயும். எல்லாம் குட்டையானால் பாரம் கேக்கின் மேல் இறங்கி, நடுவில் உள்ள க்ரீம் பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்கலுக்கு இன்னொரு காரணம் அவசரம்: பூரணம் வைத்து அடுக்கிய கேக்கை ஓர் இரவு அமர விட்டு, பிறகுதான் வெளிப்பூச்சு பூச வேண்டும்.

அடுத்த எதிரி நம் ஊர் வெயில். வெண்ணெய் க்ரீம் 30 டிகிரியைத் தாண்டினால் தளரத் தொடங்கும். அதனால் வெளிப்பூச்சுக்கு, சாக்லேட்டையும் க்ரீமையும் கலந்து செய்யும் கனாஷ் நம்பகமானது. டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு க்ரீம், சித்திரை வெயிலில் இரண்டரைக்கு ஒன்று; வெள்ளை சாக்லேட்டுக்கு மூன்றுக்கு ஒன்று அல்லது அதற்கு மேல். ஃபாண்டன்ட் எனும் சர்க்கரை மாவு விரிப்பு போர்த்திய கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மண்டபத்தில் வைத்தால் வியர்த்துப் பிசுபிசுக்கும். ஏசி அறையில் வைத்திருந்து கொடுப்பதே சரி. கொண்டுபோகும்போது மடியிலோ சீட்டிலோ வைக்கக் கூடாது. சீட் சரிவானது. காரின் தட்டையான தளத்தில், வழுக்காத விரிப்பின் மேல் வைக்க வேண்டும். மூன்றடுக்கு என்றால் மண்டபத்தில் போய் அடுக்குவதே பாதுகாப்பு.

இவ்வளவும் கைவந்தாலும் பணம் கரைவது விலை சொல்லும் இடத்தில்தான். அந்த மூன்று கிலோ கேக்குக்கு மாதிரிக் கணக்கு போடுவோம். பொருட்கள் 1,400 ரூபாய். போர்டு, குச்சி, பெட்டி 300. கேஸ், கரண்ட், வண்டிச்செலவு 350. ஆக 2,050. பத்து மணி நேர உழைப்புக்கு மணிக்கு 100 வீதம் 1,000. தேய்மானம், வீணாவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் 3,500 ரூபாயை ஒட்டி வரும். பக்கத்துத் தெருவில் கிலோ 700 என்று கேள்விப்பட்டு 2,100க்கு ஒப்புக்கொண்டால் மிச்சம் 50 ரூபாய், பத்து மணி நேரத்துக்கு! உங்கள் அலமாரி மாவையும் வீட்டு கேஸையும் அவள் கணக்கில் சேர்க்காவிட்டால் இது கண்ணுக்கே தெரியாது. பொருட்களை அவள் பணத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். பாதித் தொகை முன்பணம் வராமல் ஆர்டர் எடுக்கக் கூடாது.

வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம், 14 இலக்க எண் கிடைக்கும். அலங்காரத்திலும் கவனம் தேவை. டப்பாவில் ‘நச்சற்றது’ என்று மட்டும் போட்ட மினுமினுப்புத் தூள் உண்ணத் தக்கது என்று அர்த்தமில்லை. நிஜப் பூ கேட்பார்கள். அரளி விஷம், கேக் பக்கமே வரக் கூடாது. மற்ற பூக்களின் காம்பையும் சுற்றி மூடாமல் செருகக் கூடாது.

முறையாகப் படிக்க விரும்பினால், பட்டம் முடித்தபின் ஐ.டி.ஐ.களில் உள்ள ஓராண்டு பேக்கர் அண்ட் கன்ஃபெக்ஷனர் பிரிவைப் பார்க்கலாம். நட்சத்திர ஹோட்டல் வேலையும் மனதில் இருந்தால் மத்திய ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களின் பேக்கரி டிப்ளமோ மேல். இரண்டு நாள் ‘மாஸ்டர் கிளாஸ்’களுக்குப் பல்லாயிரம் கட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, அங்கே பெரும்பாலும் ஆசிரியர் பூச, மாணவி படம் எடுப்பதோடு முடிகிறது.

பெரிய ஓவன் இப்போது வேண்டாம். 8 அங்குல டின் தாராளமாக நுழையும் ஓ.டி.ஜி. (வீட்டு மின் ஓவன்), கேக்கைச் சுழற்றிப் பூச ஒரு டர்ன்டேபிள், ஒரு டிஜிட்டல் தராசு, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி போதும். ஆறு மாதக் கணக்கு நோட்டைப் பார்த்து, அவள் கூலி போக மிச்சம் நின்றால் சிறு தொழிலுக்கான முத்ரா கடனில் ஷிஷு பிரிவை யோசிக்கலாம். அதில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். வங்கியில் காட்டவும் அதே நோட்டு உதவும்.