சைக்கிளுக்கு அனுமதிப்பத்திரம்: ரொறன்ரோ ஒருமுறை நடத்திப் பார்த்துக் கைவிட்ட சட்டம்

ரொறன்ரோவில் சைக்கிள் ஓட்டுபவர்கள் அனுமதிப்பத்திரம் எடுத்து, சைக்கிளில் இலக்கத் தகடு பொருத்த வேண்டும் என்று மாநகர சபை சட்டம் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கோடையில் சைக்கிளிலும் குளிர்காலத்தில் காரிலும் இதே வீதிகளில் வேலைக்குப் போய்வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தச் சட்டம் இங்கே புதிதன்று. 1935 முதல் 1957 வரை ரொறன்ரோவில் சைக்கிளுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக இருந்தது. சட்டத்தை மீறுகிறோம் என்ற உணர்வே இல்லாத வயதில் பிள்ளைகள் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள் என்பதும், அதனால் பிள்ளைகளுக்கும் பொலிஸாருக்கும் இடையிலான உறவு கெடுகிறது என்பதும் அதை நீக்கியபோது சொல்லப்பட்ட காரணங்கள். அதன் பிறகு 1984, 1992, 1996 ஆகிய ஆண்டுகளில் இந்த யோசனை மீண்டும் ஆராயப்பட்டு, ஒவ்வொரு முறையும் கைவிடப்பட்டது.

எந்தச் சைக்கிள் யாருடையது என்ற பதிவேட்டைச் சரியாக வைத்திருப்பதே முதல் சிக்கல். கார் கை மாறினால் அதற்கென்று பத்திரமும் அலுவலகமும் உண்டு. சைக்கிளோ மூத்த பிள்ளையிடமிருந்து இளையவருக்கும், பிறகு மச்சாள் வீட்டுப் பிள்ளைக்கும் போய், கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வைத்து விற்கும் பழைய பொருட்களோடு சேர்ந்துவிடும். அதன் தொடர் இலக்கம் பெரும்பாலும் மிதியச்சுக்கு அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றைத் துடைத்துவிட்டுத்தான் அதைப் படிக்க முடியும். கை மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து மாநகர சபைக்கு அறிவிப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

சிவப்பு விளக்கை மதிப்பதில்லை, நடைபாதையில் ஓட்டுகிறார்கள் என்ற கோபம் நியாயமானது. என் அம்மாவும் நடைபாதையில் பயந்துகொண்டே நடக்கிறார். ஆனால் இதற்குத் தேவையான அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி சைக்கிளும் ஒரு வாகனம்தான். விதியை மீறிய சைக்கிளோட்டியைப் பொலிஸார் நிறுத்திப் பெயரையும் முகவரியையும் கேட்கலாம், அவர் சொல்லியே ஆக வேண்டும். 14 வயதை எட்டியவர்கள் நடைபாதையில் ஓட்டுவதையும் மாநகரச் சட்டம் தடை செய்கிறது. நிறுத்திக் கேட்பதற்கு வீதியில் பொலிஸார் இல்லாதபோது, இருக்கைக்கு அடியில் பை மறைத்துக்கொண்டிருக்கும் சிறு தகட்டை யார் படிக்கப் போகிறார்கள்? ஸ்காபரோவில் லோரன்ஸ் அவெனியூ போன்ற அகன்ற வீதிகளில், பக்கத்தில் பாரவண்டி உரசிக்கொண்டு போகும் பயத்தில் நடைபாதையில் ஏறுபவரைத் தகடு கீழே இறக்காது. அவருக்கென்று தடுப்போடு கூடிய ஒரு பாதை இருந்தால் அவராகவே இறங்கிவிடுவார்.

வீதிக்குப் பணம் கொடுப்பவர்கள் காரோட்டிகள் மட்டுமே என்பதையும் ஏற்க முடியாது. நகர வீதிகளின் செலவில் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்து வருகிறது. வாடகைக்கு இருப்பவரும் வாடகையின் வழியே அதைச் செலுத்துகிறார். கார்களின் இலக்கத் தகட்டில் ஒட்டும் ஒட்டிக்கு ஆண்டுதோறும் வாங்கிவந்த கட்டணத்தையே மாகாண அரசு 2022இல் நீக்கிவிட்டது. அப்படியிருக்க, பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமும், கார் வாங்க வசதியில்லாமல் சைக்கிளில் வேலைக்குப் போகும் புதுக் குடியேறியிடமும் கட்டணம் கேட்பது எந்த விதத்தில் நீதி?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் மறுபக்கம் நிற்கிறேன். ஒன்ராறியோவில் மின்சைக்கிள் என்ற பெயரில் 120 கிலோ எடையும் 500 வாட் மோட்டாரும் உள்ள வண்டி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகம் வரை உதவி பெற்று, இலக்கத் தகடு இல்லாமல் ஓடலாம். ஸ்கூட்டரைப் போலவே இருக்கும் அத்தகைய கனமான வண்டி ஒருவர் மீது மோதினால் ஏற்படும் சேதத்தைச் சாதாரண சைக்கிளோடு ஒப்பிடவே முடியாது. அவற்றைத் தனி வகையாகப் பிரித்துப் பதிவும் காப்புறுதியும் கேட்பதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன். அந்தச் சட்டத்தை எழுத வேண்டியது மாநகர சபையன்று, மாகாண அரசு.