ஆறு, மலை என்று ஒரு நிலக்காட்சியை ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸாக, அதாவது ஸ்காட்லாந்தில் ஜோடிகள் வரிசையாக நின்று ஆடும் குழு நடனமாக, எப்படி அமைக்கிறார்கள்?

முதலில் ஒன்று: ஊர்ப் பெயர் இருப்பதாலேயே அந்த ஊர் நடனத்துக்குள் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மோனிமஸ்க் அபர்டீன்ஷயரில் உள்ள ஊர். 'மோனிமஸ்க்' என்ற நடனத்துக்கு அந்தப் பெயர் மெட்டின் வழியாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். உருவம் உண்மையிலேயே உள்ளே இருக்கும் நடனத்துக்கு நல்ல உதாரணம் 'ரீல் ஆஃப் தி 51ஸ்ட் டிவிஷன்'. 1940இல் பிரான்ஸில் பிடிபட்ட 51ஆம் படைப்பிரிவின் ஸ்காட்டிஷ் அதிகாரிகள் ஜெர்மானியச் சிறைமுகாமில் அமைத்தது. அதில் முதல் ஜோடி இரண்டு கார்னர்களோடு (தங்களைச் சுற்றி மூலைகளில் நிற்பவர்களோடு) கைகோத்து மூலைவிட்டமாக ஒரு வரிசை போடும், பிறகு மற்ற இரண்டு கார்னர்களோடு எதிர்த்திசையில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூ கொடியில் இருக்கும் பெருக்கல் குறி.

நிலக்காட்சிக்கும் இதே வழிதான். கையை அசைத்து அலை காட்டும் அபிநயத்துக்கு இங்கே இடமில்லை. ஆடுபவர்கள் தரையில் போகும் பாதைதான் படம். 32 பாரில் (பார் என்பது இசையின் ஒரு தாள அளவு) ஓர் இடத்தின் இரண்டு மூன்று அம்சங்களுக்கு மேல் திணித்தால் நடனம் மூச்சுத் திணறும்.

ஃபோர்த் ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்லிங் அருகே டீத், ஆலன் என்ற இரண்டு ஆறுகள் அதில் கலக்கின்றன. ஸ்டெர்லிங்கைத் தாண்டி ஆலோவா போகும் வழியில் ஆறு பாம்பாக நெளிகிறது. கடல் ஓதமும் ஸ்டெர்லிங் வரை ஏறி இறங்குகிறது. நெளிவு, கலப்பு, ஓதம்: மூன்று அம்சங்கள், போதும். நிதானமான ஆறு என்பதால் ஸ்ட்ராத்ஸ்பே என்ற மெதுவான தாளம். நான்கு ஜோடி நீள செட் (ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை), 32 பார் கொண்ட ஒரு சுற்றில் ஆடுவது மூன்று ஜோடி. இசை இருக்கும் பக்கம் மேல், ஜோடிகளுக்கு எண் அங்கிருந்துதான். மேல்நோக்கி நின்றால் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம்.

1, 2ஆம் பாரில் முதல் ஜோடி செட் செய்யும், அதாவது நின்ற இடத்திலேயே வலமும் இடமும் அடி வைக்கும். 3, 4இல் வெளிப்பக்கமாகத் திரும்பி ஓர் இடம் கீழே இறங்கும். அதே நேரத்தில் இரண்டாம் ஜோடி மேலே ஏறும். 5 முதல் 8 வரை முதல் ஜோடி இடது கை பிடித்து ஒன்றேகால் சுற்று. இந்தக் கால் சுற்றில்தான் எல்லாமே இருக்கிறது. முடியும்போது முதல் பெண் இரண்டாம் ஜோடிக்கு நடுவில் இரண்டாம் ஆணைப் பார்த்தும், முதல் ஆண் மூன்றாம் ஜோடிக்கு நடுவில் மூன்றாம் பெண்ணைப் பார்த்தும் இருக்க வேண்டும். கையை நீட்டி அகலமாகச் சுற்றினால் ஒரு சுற்றோடு இசை தீர்ந்துவிடும். முழங்கையை மடக்கி நெருங்கிச் சுற்றினால் நான்கு பார் தாராளம்.

9 முதல் 16 வரை குறுக்காக மூவர் ரீல், அதாவது எட்டு வடிவப் பாதை. இதுதான் நெளிவு. இடது கைச் சுற்றின் வேகத்திலேயே எதிரில் இருப்பவரை வலது தோளால் கடந்தால் வளைவு அறுபடாது. இடது தோள் என்று வைத்தால் அந்த இடத்தில் ஓட்டம் முறியும். இங்கே வழக்கமாகச் சொதப்புவது முதல் ஜோடி அல்ல, யாரையும் எதிர்கொள்ளாமல் நிற்கும் இரண்டாம் பெண்ணும் மூன்றாம் ஆணும். தங்கள் முறை வரட்டும் என்று காத்திருப்பார்கள். அவர்களும் 9ஆம் பாரின் முதல் அடியிலேயே தம் வலப்பக்கமாக வளைந்து கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இடிதான்.

17 முதல் 24 வரை கலப்பு. முதல் ஜோடி முதல் கார்னரை (முதல் பெண்ணுக்கு இரண்டாம் ஆண், முதல் ஆணுக்கு மூன்றாம் பெண்) வலது கையால், துணையை இடது கையால், இரண்டாம் கார்னரை (முதல் பெண்ணுக்கு மூன்றாம் ஆண், முதல் ஆணுக்கு இரண்டாம் பெண்) வலது கையால், மறுபடி துணையை இடது கையால் சுற்றி, தன் பக்கம் இரண்டாம் இடத்தில் முடிக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே பார். கார்னர்கள் கையை முன்கூட்டியே நீட்டி நிற்பது உதவும். 25 முதல் 32 வரை ஆறு பேர் வட்டம், நான்கு பார் இடப்பக்கம், நான்கு பார் திரும்பி: ஓதம் ஏறி இறங்குகிறது. போகும்போது பேராசைப்பட்டுத் தூரம் போனால் திரும்பி வந்து சேர முடியாது. 28ஆம் பாரிலேயே அடியைச் சுருக்க வேண்டும்.

இரண்டு சுற்று ஆடியபின் மூன்றாம் இடத்தில் நிற்கும் ஜோடி கடைசிக்கு இறங்க, புதிய முதல் ஜோடி தொடங்கும். மொத்தம் எட்டுச் சுற்று, 256 பார். ஸ்ட்ராத்ஸ்பேயில் பாருக்குச் சுமார் 2 விநாடி, ஆக எட்டரை நிமிடம்.

மக்களைக் கூப்பிடுவதற்கு முன் மேசையில் எட்டு நாணயங்களை நகர்த்திப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் முடிக்கிறார்கள் என்ற பிழை அங்கேயே தெரிந்துவிடும். எந்தக் கையிலிருந்து எந்தத் தோளுக்கு என்ற சிக்கல் மட்டும் நடந்து பார்த்தால்தான் தெரியும். மெட்டு எட்டு எட்டு பாராகப் பிரியும் 32 பார் மெட்டாக இருக்கட்டும். பெயர் வைக்கும் முன் ஸ்ட்ராத்ஸ்பே சர்வர் என்ற ஸ்காட்டிஷ் நடன இணையதளத்தின் தரவுத்தளத்தில் தேடுங்கள். ஆயிரக்கணக்கான நடனங்கள் அதில் இருக்கின்றன. அழகான ஆற்றுப் பெயரை யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.