மிச்சம் வைத்த கண் மருந்தை மகனுக்குப் போடலாமா?

கேள்வி: என் 8 வயது மகனுக்கு நேற்றிலிருந்து வலது கண் சிவந்திருக்கிறது. காலையில் எழும்போது மஞ்சளாகப் பீளை தள்ளி இமை ஒட்டிக்கொள்கிறது. 3 மாதத்துக்கு முன்பு என் கணவருக்குக் கண்வலி வந்தபோது வாங்கிய ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாதி பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. காலாவதி ஆக இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, பெயருக்குப் பின்னால் ‘டி’ என்று போட்டிருக்கிறது. அதையே போடலாமா? போடுவதாக இருந்தாலும் பையன் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறான்.

பதில்: வேண்டாம், அந்தப் பாட்டிலைப் போடாதீர்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் காலாவதி தேதி சீல் உடைக்காத பாட்டிலுக்குத்தான். திறந்துவிட்டால் பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளுக்கு ஒரு மாதம்தான் கணக்கு. சொட்டு விடும்போது பாட்டிலின் நுனி இமையிலோ விரலிலோ பட்டால் கிருமி உள்ளே போய்விடும், அதற்கப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அந்த மருந்தை நம்ப முடியாது. 2023-இல் அமெரிக்காவில், கிருமி கலந்த செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோடு தொடர்புள்ள தொற்றில் 80 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, சிலருக்குப் பார்வையே போனது தெரியவந்தது. கண்ணில் விடுகிற மருந்து அந்த அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

இதைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது அந்த ‘டி’தான். பெயரின் பின்னால் டி ஒட்டியிருந்தால் ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இதைப் போட்டதும் சிவப்பு சட்டென்று குறையும், உறுத்தல் போகும், ‘நல்ல மருந்து’ என்று பெயர் எடுத்துவிடும். ஆனால் ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவதோடு கண்ணின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குகிறது. கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் புண்ணோ பூஞ்சைத் தொற்றோ இருந்தால் அது தடையில்லாமல் பரவும். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், குழந்தைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அறுவடை நேரத்தில் நெல் தாளோ தூசியோ கண்ணில் அடித்து, மருந்துக் கடையில் கேட்டு இந்த மாதிரி கலவை மருந்தை 10 நாள், 15 நாள் போட்டுவிட்டு, கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்த பிறகு எங்களிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அவர்களுக்கு வந்தது பூஞ்சை, அதற்கு நாட்டாமைசின் மாதிரி தனி மருந்து வேண்டும், சாதாரண ஆன்டிபயாடிக் அங்கே எதுவுமே செய்யாது.

சரி, பையனுக்கு வந்திருப்பது என்ன? பீளை மஞ்சளாக, கெட்டியாக வந்து இமை ஒட்டுகிறது என்றால் பாக்டீரியாத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘மெட்ராஸ் ஐ’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது: கண்ணில் தண்ணீராகக் கொட்டும், சளியோ தொண்டை வலியோ கூடவே இருக்கும், சிலருக்குக் காதுக்கு முன்னால் நெறி கட்டும். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக வடியும். அரிப்புதான் முக்கியத் தொந்தரவு, பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் அலர்ஜியாக இருக்கலாம். ஆனால் வைரஸிலும் காலையில் இமை ஒட்டும், அதனால்தான் நேரில் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறேன். பாக்டீரியாதான் என்றால் மாக்ஸிஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், டோப்ராமைசின் மாதிரி ஸ்டீராய்டு சேராத ஏதாவது ஒன்றைப் பெரும்பாலும் 5 முதல் 7 நாளுக்கு எழுதித் தருவார்கள்.

இனி போடுகிற முறை. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் பீளையைத் துடைத்தெடுங்கள், ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான். பீளை அடைத்துக் கிடக்கும்போது மருந்து விட்டால் அது உள்ளே சேராது. கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிற பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், மூக்கோரக் குழியில், மூடிய இமைமேலேயே ஒரு சொட்டு விடுங்கள், அப்புறம் மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். மருந்து தானாக உள்ளே இறங்கிவிடும். இரண்டு நாளில் அவனே வந்து படுத்துக்கொள்வான்.

பெரியவர்கள் என்றால் கீழிமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அந்தப் பள்ளத்தில் விட வேண்டும். ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் ஒரு சொட்டுக்கு மேல் தங்க இடமே கிடையாது, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். விட்டதும் படபடவென்று சிமிட்டாமல் 1 நிமிடம் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் லேசாக அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. ‘கண்ணில் போட்டால் தொண்டை கசக்கிறதே’ என்று நிறையப் பேர் கேட்பார்கள், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழாய் இருப்பதுதான் காரணம், பயப்பட ஒன்றுமில்லை. வேறு சொட்டு மருந்தும் இருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள், களிம்பு இருந்தால் அதைக் கடைசியில் போடுங்கள்.

மூன்றாம் நாளே கண் வெளுத்துவிடும், உடனே நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள், எழுதிய நாள் வரை போடுங்கள். அதே மாதிரி மிச்சம் இருக்கிறதே என்று கூடுதலாகவும் போட வேண்டாம். போட ஆரம்பித்த பின் இமை வீங்கி அரிப்பு கூடினால் அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 2, 3 நாள் போட்டும் குறையவே இல்லை என்றாலும் திரும்பக் காட்ட வேண்டும். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நல்ல வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசுவது, பார்வை மங்குவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்தாலும் அப்படித்தான், லென்ஸை உடனே கழற்றிவிட வேண்டும். வீட்டில் பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை இருந்து அதற்குப் பீளை தள்ளினால் அது அவசரம்.

பையனுக்குத் துண்டும் தலையணை உறையும் தனியாக வையுங்கள், பீளை நிற்கிற வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒன்றிரண்டு சொட்டு ஏற்கெனவே விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக யாரும் திட்ட மாட்டார்கள், கருவிழியை ஒருமுறை கூடுதலாகப் பார்த்துக்கொள்வார்கள்.