பாப்பாவுக்கு 18 வயதாகப் போகிறது

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பிறந்ததிலிருந்து பெருமூளை வாதம். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். பேச்சு மெதுவாக வரும், பழகியவர்களுக்குப் புரியும். படிப்பில் குறையில்லை. வலிப்புக்கு வால்ப்ரோயேட்டும் தசை இறுக்கத்துக்குப் பாக்லோஃபெனும் கொடுக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஒரே குழந்தை நல மருத்துவரிடம் காட்டி வருகிறோம். அடுத்த ஆண்டிலிருந்து பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போகச் சொல்கிறார். பாப்பாவுக்கு மாத்திரையின் பெயர்கூடத் தெரியாது, எல்லாம் நான்தான். பழைய டாக்டரிடமே தொடர முடியாதா? மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை, அந்த நாட்களில் இருவருக்குமே சிரமம். கருப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார் உறவினர் ஒருவர். செய்யலாமா? தூக்கித் தூக்கி எனக்கும் முதுகு வலி.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளின் வயது, நோய், மாத்திரை எல்லாம் இருக்கின்றன. அவள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 17 ஆண்டுகளாக அவளுக்குக் கையாகவும் காலாகவும் வாயாகவும் இருந்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகாது. ஆனாலும் டாக்டரை மாற்றுவது இதில் சின்ன வேலை. டாக்டரிடம் பேசும் வாயை மாற்றுவதுதான் பெரிய வேலை.

உங்களைக் கைகழுவுவதற்காகக் குழந்தை மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. குழந்தைகள் பிரிவில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேல் பொதுவாக உள்நோயாளியாகச் சேர்க்க மாட்டார்கள். நள்ளிரவில் வலிப்பு வந்து ஓடினால், அவளை முன்பின் பார்த்திராத ஒருவர் கையில்தான் விட வேண்டியிருக்கும். அவள் நலமாக இருக்கும்போதே அவருக்கு அறிமுகமாகிவிடுவது மேல். இந்த ஏற்பாட்டை 13, 14 வயதிலேயே தொடங்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர்கள் 12 வயதிலேயே பேச்சை எடுக்கச் சொல்கிறார்கள். உங்களிடம் யாரும் அப்போது சொல்லவில்லை என்றால் அது எங்கள் தரப்புத் தவறு. பரவாயில்லை, கையில் ஓராண்டு இருக்கிறது.

எங்கள் தரப்புத் தவறு என்றதும் நான் செய்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பெருமூளை வாதம் உள்ள 19 வயது இளைஞர் ஒருவரைத் தந்தை அழைத்து வந்திருந்தார். "எங்கே வலி?" என்று கேட்டேன். என் கண் தந்தையைத்தான் பார்த்தது. "முழங்கால் டாக்டர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறான் இல்லையா, அதனால்தான்" என்றார் அவர். முழங்காலுக்கு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்தேன், ஒன்றும் இல்லை. அடுத்த முறையும் அதே வலி. அன்று வேறு நோயாளிகள் இல்லாததால் இளைஞரையே கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு வாக்கியம் வெளியே வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது: "கால்சட்டை மாற்றும்போது, காலை விரிக்கும்போது." இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது. இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது மருத்துவ மாணவர்களுக்கே தெரிந்த பாடம். அந்த ஒரு நிமிடத்தை முதல் நாளே கொடுத்திருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே அடுத்த முறை டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் இரவு, கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றையாவது மகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அங்கே அதை அவள் கேட்கட்டும். வார்த்தை வரத் தாமதமானால் இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்து வைக்காதீர்கள். இதுதான் உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கும். பேச்சு சோர்ந்துபோனால் கைப்பேசியில் முன்கூட்டியே தட்டச்சு செய்து காட்டலாம். புதிய மருத்துவர் அவளை விட்டுவிட்டு உங்களிடமே பேசினால், "அவளிடமே கேளுங்கள் டாக்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள். பழைய டாக்டர் 'கண்ணு' என்று கூப்பிட்டிருப்பார். புதியவர் 'நீங்கள்' என்பார். முதலில் கூச்சமாக இருக்கும், பிறகு பிடித்துப்போகும்.

மாத்திரைக்கும் இதே வழிதான். பட்டையைப் பிரிக்க அவள் விரல்கள் ஒத்துழைக்காமல் இருக்கலாம். பிரிப்பது உங்கள் கையாக இருக்கட்டும். எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று சொல்வது அவளாக இருக்கட்டும். ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லச் சொல்ல நீங்கள் நிரப்புங்கள். நான்கைந்து வாரங்களில் பெயர்கள் நாக்கில் நிற்கும். இது வெறும் மனப்பாடப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு நாளில் அவளை மருத்துவமனையில் சேர்த்து, பாக்லோஃபென் திடீரென்று நின்றுபோனால், தசை இறுக்கம் பல மடங்காகி, காய்ச்சலும் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். அந்தப் பெயரை அவளால் சொல்ல முடிவதும் முடியாததும் அன்றைக்குப் பெரிய வித்தியாசம்.

கூடவே ஒரே ஒரு தாள் தயாராக இருக்கட்டும். பழைய மருத்துவரிடம் கேட்டால் எழுதித் தருவார். நோய், மாத்திரையும் அளவும், ஒவ்வாமை, செய்த அறுவை சிகிச்சைகள், வலிப்பு வந்தால் எப்படி இருக்கும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும். கடைசி வரியை மகள் சொல்ல, நீங்கள் எழுதுங்கள்: 'நான் மெதுவாகப் பேசுவேன், எல்லாம் புரியும், பதிலுக்குக் காத்திருங்கள்.' மூன்று கிலோ கோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் எவரும் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன், பல தாய்மார்களுக்கு இது பிடிப்பதில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஐந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே வாருங்கள். தேவையானால் பெண் செவிலியர் உடன் இருக்கட்டும். அம்மாவின் முன் கேட்க முடியாத கேள்விகள் எந்த 17 வயதுப் பெண்ணுக்கும் உண்டு: உடல், காதல், திருமணம், குழந்தை பெற முடியுமா என்பது. சொல்ல முடியாத வேதனைகளும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்துக்காக நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.7 மடங்கு. மன அழுத்தமும் பெருமூளை வாதம் உள்ளவர்களிடம் அதிகம். கதவு மூடியிருந்தால்தான் இவை வெளியே வரும்.

இப்போது கருப்பை விஷயம். வேண்டாம். நோயில்லாத உறுப்பை வசதிக்காக எடுக்க மாட்டோம். அதுவும் அவளைக் கேட்காமல், உறவினர் சொல்கிறார் என்பதற்காக எடுக்கவே கூடாது. மாதவிலக்கு ஏன் தவறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வால்ப்ரோயேட்டே காரணமாக இருக்கலாம்: அந்த மருந்து சிலருக்கு எடையைக் கூட்டும், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறைக் கொண்டுவரும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பாதிப்பு இருக்கிறது. அதனால் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வேறு மருந்து பலன் தந்தால் இதைத் தவிர்க்கிறோம். சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்குக் கர்ப்பமா என்று நினைத்துக்கொண்டு பலர் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அந்த நினைப்பு தவறு. மாத்திரையை மாற்றலாமா என்று நரம்பியல் நிபுணரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள். நிற்காத வலிப்பு உயிருக்கே ஆபத்து.

உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. ஹார்மோன் கலந்த கருப்பை வளையமும் உண்டு. அதைப் பொருத்தும்போது மயக்க மருந்து தேவைப்படலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை, அதிகம் அசையாமல் இருப்பவருக்கு இரத்தக் கட்டு அபாயத்தைக் கூட்டக்கூடும். கார்பமசெபின், ஃபெனிடாய்ன் போன்ற வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடும். எனவே மகளிர் நல மருத்துவரிடம் வலிப்பு மருந்துகளின் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடாமல் விட்டிருந்தால் அதையும் அன்றே கேளுங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு இதெல்லாம் எளிதில் விடுபட்டுப்போகிறது.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இனி வளராது. ஆனால் உடல் மாறிக்கொண்டே இருக்கும். முதுகெலும்பு வளையலாம், இடுப்பு விலகலாம். நின்று பழகாத எலும்பு மெலிந்திருக்கும், வலிப்பு மருந்து அதை இன்னும் மெலியவைக்கும். புதிதாக வலி, சோர்வு, கைத்திறன் குறைவு, சிறுநீர் மாற்றம் எது வந்தாலும் 'அது வாதத்தால்தான்' என்ற பதிலோடு திரும்பாதீர்கள். பல் சொத்தையாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், கழுத்துத் தண்டுவடம் அழுந்துவதாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

18 வயதில் சட்டமும் மாறும். பெரும்பாலான நாடுகளில் சிகிச்சைக்கு ஒப்புதல் தருவது அதன்பின் அவள் உரிமை. பெற்றோரின் கையெழுத்து தானாகவே செல்லாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அவர்களை மற்றவர்களுக்குச் சமமாக நிறுத்துகிறது. முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் அந்த உதவியைத் தரச் சொல்கிறது. உங்கள் மகளுக்கு அறிவுத்திறன் குறைபாடு இல்லை. அப்படி இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் முழுப் பாதுகாவலர் உரிமைக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எந்தக் கையில் ஊசி போடலாம் என்பதைத் தேர்ந்தெடுக்க முடிகிற பிள்ளைக்கு அந்தத் தேர்வாவது அவனுடையதாக இருக்கட்டும்.

புதிய இடத்தில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இதுவரை எல்லாக் கயிற்றையும் ஒருவரே பிடித்திருந்தார். அங்கே வலிப்புக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று சிதறும். மொத்த ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள். குடும்ப மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவ நிபுணரையோ நடுநாயகமாக வைத்துக்கொள்ளுங்கள். பழையவரை விடுவதற்கு முன்பே புதியவரை ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் மாத்திரை தீர்ந்துவிடாதபடி ஒரு மாதத்துக்கான இருப்பு வீட்டில் இருக்கட்டும்.

முதுகு வலியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வளர்ந்த ஒருவரைத் தனியாகத் தூக்கவே கூடாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குச் சறுக்கி மாற்றும் பலகை இருக்கிறது, தூக்கும் கருவியும் இருக்கிறது. இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து இருவருக்கும் சொல்லித்தருவார். கால் மரத்துப்போகிறதா, இருமும்போது வலி காலுக்கு இறங்குகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இருக்கட்டும்.