ஆய்வுக் குழுவில் உட்கார அழைக்கிறார்கள், போகலாமா?

கேள்வி: பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 52. பதினொரு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் வலது காலில் புண் வந்து ஆறு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. இப்போது ஆறிவிட்டது. தக்காளித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறேன். எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தப் போகிறாராம். நோயாளிகள் சார்பில் அந்தக் குழுவில் வந்து உட்காருங்கள் என்கிறார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த செருப்பைக்கூடச் சரியாகப் போடுவதில்லை. சேற்றில் அது மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, அதனால் பழைய ரப்பர் செருப்போடு போய்விடுகிறேன். படித்தவர்கள் நடுவில் நான் என்ன பேசுவேன்? என்னை வைத்துப் பரிசோதனை செய்துவிடுவார்களா? மாட்டேன் என்றால் டாக்டர் வருத்தப்படுவாரா? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே?

பதில்: போகலாம் சகோதரி. போவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். செருப்பைப் பற்றிக் குற்றவுணர்வோடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குழுவுக்கு நீங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரியே போதும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். மருத்துவ ஆய்வில் நோயாளி இரண்டு விதமாக இடம்பெறலாம். ஒன்று, ஆய்வுக்கு உட்படுபவராக. அவருக்குத்தான் மருந்து கொடுப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், காலை அளந்து எழுதிக்கொள்வார்கள். இன்னொன்று, ஆய்வை வடிவமைப்பதில் கூட இருப்பவராக. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எதை வெற்றி என்று கணக்கு வைப்பது என்று பேசுகிற இடத்தில் அவர் உட்காருகிறார். உங்களை அழைத்திருப்பது இந்த இரண்டாவது வேலைக்கு. இதில் ஊசி இல்லை, மருந்து இல்லை. ஆய்வுக்கு உட்படவும் வேண்டும் என்று பிறகு கேட்டால் அது தனி விஷயம்; அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். புதிய மருந்துப் பரிசோதனைகளுக்கு 2019-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. பரிசோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், அவர்களில் மருத்துவத் துறை சாராத சாதாரணக் குடிமகன் ஒருவரும் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில்தான் இருக்கிறது. எனவே படிக்காதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று நினைக்காதீர்கள். சட்டமே அப்படி ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறது.

மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வில் சேர மறுப்பவரின் வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. குழுவில் உட்கார மறுப்பவருக்கும் அதே நியாயம்தான். ஆனாலும் வைத்தியம் பார்க்கிற டாக்டரே முகத்துக்கு நேரே கேட்கும்போது முடியாது என்று சொல்வது எளிதல்ல. அது எனக்கும் தெரியும். அதனால் அங்கேயே பதில் சொல்லாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லி வந்துவிடுங்கள். நல்ல ஆய்வாளர் அந்த ஒரு வாரத்தை மனதாரக் கொடுப்பார்.

இனி, நீங்கள் என்ன பேசுவீர்கள் என்ற கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் கால் பராமரிப்பு பற்றிய ஓர் ஆய்வுக்கு வினாப் பட்டியல் தயாரிக்கும் குழுவில் நான் இருந்தேன். "கடந்த வாரம் எத்தனை நாள் செருப்பு அணிந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தோம். முன்னோட்டமாகக் கேட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய எல்லோரும் ஏழு நாள் என்றார்கள். எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. எங்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, கால் விரல் ஒன்றை இழந்தவர், மெதுவாகச் சொன்னார்: "எத்தனை நாள் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கெங்கே கழற்றினீர்கள் என்று கேளுங்கள்." பிறகு அவரே விரல் விட்டு எண்ணினார். வாசலில் கழற்றுவோம். சமையலறைக்குள் செருப்பு போகாது. சாமி அறை, கோயில், களம். மாட்டுக் கொட்டகைக்கு வேறு செருப்பு, சில நாள் அதுவும் இல்லை. கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டுக் கேட்டபோது, செருப்பு இல்லாமல் நடக்கிற நேரத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேதான் கழிகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய எம்.சி.ஆர் செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும் மென்மையான ரப்பர் செருப்பு) கொடுக்கலாமா என்ற பேச்சே வந்தது.

இது நம் ஊர்ப் பழக்கத்தால் மட்டும் வருவதல்ல. நெதர்லாந்தில் சர்க்கரை நோயாளிகளின் சிறப்புக் காலணியில் உணர்கருவி பொருத்தி அளந்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி, வெளியே நடந்த அடிகளில் 87 விழுக்காடு காலணியோடு நடந்தவை. வீட்டுக்குள் அது 61 விழுக்காடுதான். இத்தனைக்கும் அவர்கள் வீட்டுக்குள்தான் அதிகம் நடந்திருந்தார்கள். அங்கே அதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவைப்பட்டது. இங்கே எங்களுக்கு அந்த அம்மா ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

மொழியிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. படிவத்தில் "புற நரம்பு உணர்விழப்பு உள்ளதா?" என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துக் காட்டினால் இல்லை என்றுதான் பதில் வரும். "கால் மதமதப்பாக இருக்கிறதா? பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறதா? செருப்பு நழுவிப் போனது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் தளி, தேன்கனிக்கோட்டையில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள் ஏராளம். அங்கேயும் ஆய்வு நடக்குமானால் அந்த மொழிகளில் படிவம் உண்டா என்று நீங்களே கேளுங்கள்.

காலத்தைப் பற்றியும் பேசுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை ஆய்வின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை எடுப்பது வழக்கம். மார்ச்சில் தொடங்கி ஜூலையில் முடித்தால், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இடையில் மாம்பழக் காலம் முழுதும் வந்துவிடும். முடிவில் சர்க்கரை ஏறியிருந்தால் சிகிச்சை பலிக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஏறக் காரணம் வீட்டுத் திண்ணையில் கூடை கூடையாகக் கிடந்திருக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேதியை மாற்றி வைப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எதை வெற்றி என்று எண்ணுவது என்பதுதான். டாக்டர்கள் புண் எத்தனை நாளில் மூடியது என்று எண்ணுவார்கள். எத்தனை நாளில் தோட்டத்துக்குத் திரும்பினேன், மறுபடி புண் வந்ததா என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. முடக்குவாத ஆய்வுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூட்டு வீக்கம், வலி, ரத்த அளவுகள் ஆகியவற்றைத்தான் அறிஞர்கள் வெகுகாலம் முக்கியமாக அளந்துவந்தார்கள். எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பன்னாட்டு மாநாடு 2002-இல் ஆஸ்திரேலியாவில் கூடியபோது, முதன்முறையாக நோயாளிகளையும் உட்கார வைத்தார்கள். அவர்கள் உடலை அடித்துப் போடுகிற அசதியைப் பற்றிப் பேசினார்கள். அது அதுவரை அளவுப் பட்டியலில் இல்லை. சில ஆண்டுகளுக்குள், முடக்குவாத ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று அந்த மாநாட்டை நடத்திய அமைப்பே பரிந்துரைத்தது. அந்த நோயாளிகள் யாரும் புள்ளியியல் படித்துவிட்டு வரவில்லை. தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இனி, ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை. "ஆய்வுத் திட்டம் எழுதி முடித்தாகிவிட்டதா, இன்னும் மாற்ற முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். எல்லாம் முடிவாகி அனுமதியும் வாங்கிய பிறகு அழைக்கிறார்கள் என்றால், படிவத்தின் வார்த்தைகளைத் திருத்தும் அளவுக்குத்தான் உங்களுக்கு வேலை இருக்கும். அதுவும் பயனுள்ள வேலைதான். அவ்வளவுதான் என்று தெரிந்து போங்கள். நோயாளிகளும் கூட இருந்தார்கள் என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதற்காக மட்டும் கூப்பிடும் பழக்கம் இருக்கிறது; அதை நான் வெறுக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டாவது கூட்டத்தில், "போன முறை நாங்கள் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்?" என்று கேளுங்கள். காரணத்தோடு பதில் சொன்னால் தொடர்ந்து போங்கள். மழுப்பினால் நின்றுகொள்ளலாம்.

தனியாகப் போகாதீர்கள். படித்தவர்கள் பத்துப் பேர் நடுவில் ஒரே ஒரு நோயாளி இருந்தால் அவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் ஒருவரோ இருவரோ வேண்டும் என்று சொல்லுங்கள். ஓர் ஆணும் இருக்கட்டும், சின்ன வயதில் சர்க்கரை வந்தவர் ஒருவரும் இருந்தால் நல்லது. நீங்கள் எல்லா நோயாளிகளுக்காகவும் பேச வேண்டியதில்லை. உங்கள் காலுக்காகப் பேசினால் போதும்.

பணத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். அந்த அறையில் மற்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வுக்கு உட்படுகிறவர்களுக்குப் பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுக்கலாம் என்று நான் மேலே சொன்ன 2017 நெறிமுறைகளே அனுமதிக்கின்றன. குழுவில் உட்காருகிறவருக்கு அதைவிடக் குறைவாகத் தருவதில் நியாயமில்லை. பஸ் கட்டணம், அன்றைய நாள்கூலி, மதியச் சாப்பாடு மூன்றும் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டத்தைத் தக்காளி பறிக்காத நாளில் வைக்க முடியுமா, தர்மபுரிக்குப் பதிலாகப் பாலக்கோட்டில் வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை அவர்கள் பஸ் ஏறி வரட்டும்.

உங்கள் உடம்பைப் பற்றி எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் சொன்னதை ஊரில் சொல்லாதீர்கள். முடிவு என்ன வந்தது என்பதை ஆய்வு முடிந்ததும் தமிழில் ஊருக்கு வந்து சொல்வார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கடைசியில் மறந்துபோகிற விஷயம் இதுதான்.

புண் ஆறிய காலில் மறுபடி புண் வரும் வாய்ப்பு அதிகம். தினமும் இரவு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது அந்த இரண்டு செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒன்று, தோட்டத்துக்குப் போட்டுப் போகிற ரப்பர் செருப்பு ஒன்று. கழுவ வேண்டாம், சேற்றோடே இருக்கட்டும். மேசைமேல் ஒரு தாளை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது எங்கே மாட்டுகிறது, எங்கே வழுக்குகிறது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.