கேள்வி–பதில்: நோய்ச் செய்தியை எந்தக் குரலில் சொல்வது?

கேள்வி: பெருந்தொற்று நேரத்தில் கொஞ்சம் மிரட்டிச் சொன்னால்தானே மக்கள் கேட்கிறார்கள்?

மிரட்டல் வேலை செய்யும், பாதி வழி வரைக்கும். பயந்தவர் அடுத்துத் தேடுவது, ‘நான் என்ன செய்தால் தப்பலாம்?’ என்பதை. விடை அதே அறிவிப்பில் இல்லையென்றால் அவர் நோயை விட்டுவிட்டுத் தன் பயத்தை அடக்கப் பார்ப்பார்: செய்தியை அணைப்பார், “எல்லாம் ஊதிப் பெருக்குகிறார்கள்” என்பார். தகவல்தொடர்பு ஆய்வாளர் கிம் விட்டே 1992-லேயே இதை விளக்கியிருக்கிறார். அதனால் அச்சமூட்டும் வரியை ஒட்டியே, செய்யக்கூடிய ஒரு செயலையும் எழுதுங்கள். ‘சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்’, ‘எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்’ என்பவை செயல்கள். ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது.

திட்டுவது இதைவிட மோசம். ‘பொறுப்பற்றவர்களால் நோய் பரவுகிறது’ என்று எழுதினால், காய்ச்சல் வந்தவர் பரிசோதனைக்கு வராமல் அறிகுறியை மறைப்பார்.

கேள்வி: ‘எங்களுக்கு இன்னும் தெரியாது’ என்று நிபுணர்கள் ஒப்புக்கொண்டால் நம்பிக்கை போய்விடாதா?

நம்பிக்கையை அதிகம் கெடுப்பது அளவுக்கு மீறிய உறுதிதான். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில், கோவிட்-19 காற்றில் பரவுவது ‘இல்லை’ என்று, அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு, ‘உண்மை’ என்ற தலைப்போடு அறிவித்தது. காற்றுவழிப் பரவலை அந்த நிறுவனமே 2021-ல் ஏற்றுக்கொண்டது. அறிவியலில் கருத்து மாறுவது இயல்பு. ஆனால் மாறுவதற்கு அந்தப் பெரிய எழுத்து இடமே வைக்கவில்லை. அதனால் திருத்தம் பலருக்குப் பல்டியாகத் தெரிந்தது. ‘அருகிலிருந்து தெறிக்கும் துளிகளே முக்கிய வழி என்று இப்போது கருதுகிறோம், காற்றில் மிதந்தும் பரவுகிறதா என்று ஆராய்கிறோம், அதுவரை அறைகளில் காற்றோட்டம் இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தால் பிந்தைய திருத்தம் அதன் தொடர்ச்சியாகவே இருந்திருக்கும்.

இன்னொரு கண்ணி, ‘ஆதாரம் இல்லை’ என்ற தொடர். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையா, இன்னும் தேடவே இல்லையா? படிப்பவருக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில், குணமடைந்து எதிர்ப்புப்பொருள் பெற்றவர்களுக்கு மறுபடி தொற்றாது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது அதே நிறுவனம். ‘எதிர்ப்புச் சக்தியே வராது’ என்று பலர் புரிந்துகொள்ள, மறுநாளே விளக்கம் தர வேண்டியதாயிற்று. எந்த நிலை என்பதை முழு வாக்கியமாகவே எழுதிவிடலாம். நான்கு சொல் கூடுமே தவிர வேறு நஷ்டமில்லை.

தெரியாததைச் சொல்லும்போது கூடவே மூன்று விஷயம் வேண்டும்: அதை எப்படிக் கண்டறியப் போகிறோம், அதுவரை மக்கள் என்ன செய்வது, அடுத்த தகவல் எந்தத் தேதியில். மதிப்பீடு என்றால் ‘ஏறத்தாழ’ என்று நழுவாமல் ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று எல்லை கொடுங்கள். 2020-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், எண்ணால் எல்லை சொன்னபோது நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைந்தது. எண் தராமல் ‘கூடலாம், குறையலாம்’ என்று வெறும் சொல்லால் சொன்னபோது அதைவிட அதிகம் குறைந்தது.

கேள்வி: தடுப்பூசி 95 சதவீதம் பலன் தரும் என்றால், போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு நோய் வருமா?

இல்லை. ஃபைசர் நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசிச் சோதனையில் ஏறத்தாழ 43,000 பேர் இருந்தனர். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத உப்புநீர் ஊசி போடப்பட்ட பாதிப் பேரில் 162 பேருக்கும், தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுபாதியில் 8 பேருக்கும் நோய் வந்தது. 162-ல் 8 என்பது ஏறத்தாழ 5 சதவீதம்; குறைந்த மீதிதான் அந்த 95. வெறும் விகிதம் தலைப்புக்கு வசதி, வாசகருக்கு ஆபத்து. 1995-ல் பிரிட்டனில், சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு அபாயம் ‘இரு மடங்கு’ என்று எச்சரித்தார்கள். 7,000 பேரில் 1 என்பது 2 ஆகியிருந்தது, அவ்வளவே. பீதியில் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று, ஒப்பிடும் இரண்டுக்கும் ஒரே அடி எண்ணை (‘7,000 பேரில்’ என்பது போல) வைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் வதந்தி அனுப்பும் பெரியவரை எப்படித் திருத்துவது?

குழுவில் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் முன் திருத்தினால் தன் பேச்சைக் காப்பாற்றவே முனைவார். சரியான தகவலை முதலில் வையுங்கள். பிறகு வதந்தியை ஒரே ஒரு தடவை, தவறு என்ற குறிப்போடு. அது ஏன் நம்பும்படி இருக்கிறது, எந்த இடத்தில் பிசகுகிறது என்று காட்டிவிட்டு, மறுபடி சரியான தகவலோடு முடியுங்கள். வதந்திப் படத்தை அப்படியே திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் குறுக்கே ‘தவறு’ என்று எழுதி அனுப்புங்கள்.